இருபது சீட்டு அக்கா

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எழுதுவது என் வேலை இல்லை. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள் நான். கட்டுரை எழுதச் சொன்னால் 'முன்னுரை' என்று எழுதி, அடியில் கோடு போட்டுவிட்டு, மணி அடிக்கும்வரை அந்தக் கோட்டையே அழுத்திக்கொண்டிருப்பேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு டோபிக் கடையில் துணி மடிக்கிறேன். நாள் முழுக்கப் பேசாமல் இருக்கலாம் என்பதால்தான் அந்த வேலையில் இத்தனை வருடம் தாக்குப்பிடித்தேன்.

ஒருவரைப் பற்றி அவரிடம் கேட்காமல் எழுதுவது, அவர் இல்லாத நேரத்தில் அவர் அலமாரியைத் திறப்பது போல இருக்கிறது. அதனால் பெயரை எழுத மாட்டேன். அக்கா என்றே சொல்கிறேன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. நான் இப்போது குடியிருக்கும் கீழ்த்தளத்துப் பின்னறை அக்காவுக்குப் போயிருக்க வேண்டியது. அவருக்கு முட்டி போய்விட்டிருந்தது. இருந்ததோ நாலாவது மாடியில். அந்த அறை கிடைக்காததால் மூன்றே மாதத்தில் வேலையை விட்டுவிட்டு செமினியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குக் காரணம் நான். போக்கர் என்கிற சீட்டாட்டத்தின் சரித்திரமும் ஒரு காரணம். இரண்டில் எது பெரிய காரணம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எங்கள் கட்டடம் ஒரு பழைய கடைவீடு. கீழே முன்பக்கம் மளிகைக்கடை. மேலே நாலு மாடியிலும் பெண்களுக்கு மட்டும் வாடகை அறைகள். லிப்ட் கிடையாது. ஒரு மாடிக்கு ஒரு குளியலறை. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஹாஜி, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர்.

அக்கா நகரத்தில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவரிடம் ஒரே ஒரு குணம்தான். எதற்கும் அதன் முறை வராமல் கை நீட்ட மாட்டார். பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பதைச் சொல்லவில்லை. அது நாமும் செய்கிறோம்.

பத்திரிகையைச் சொல்கிறேன். ஹோட்டலில் நேற்றைய பத்திரிகைகளைக் கட்டி வெளியே வைப்பார்கள். அதிலிருந்து தமிழ்ப் பத்திரிகையை எடுத்து வருவார். ஒரு நாளைக்கு ஒன்று என்று கணக்கு. வேலை அதிகமான நாளில் படிக்க முடியாது. மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் படிப்பாரா என்றால், மாட்டார். விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குவார். இப்படி விட்டு விட்டு, எனக்குப் பழக்கமானபோது அவர் உலகத்துக்கு நாலு மாதம் பின்னால் இருந்தார். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் குடையும் ரப்பர் செருப்புமாக வேலைக்குக் கிளம்புவார்.

"கிள்ளான் பக்கம் தண்ணி ஏறும்னு போட்டிருக்கான் தங்கச்சி. கவனமா இரு."

"அது ஏறி வடிஞ்சு போச்சுக்கா."

"சொல்லாதே லா. நான் இன்னும் அங்க வரல."

ஒரு தடவை கீழே மளிகைக்கடைக்காரர் இறந்துபோய், அவர் மகன் கடையை எடுத்து நடத்தத் தொடங்கியிருந்தார். அக்கா பத்திரிகையில் மரண அறிவிப்பு வரும்வரை காத்திருந்து, நாலு மாதம் கழித்துப் போய்த் துக்கம் விசாரித்தார். அந்த மகன் முதலில் குழம்பினார். பிறகு உண்மையிலேயே அழுதுவிட்டார். மற்றவர்கள் எல்லாம் மறந்துபோன நேரத்தில் ஒருவர் வந்து கேட்டது அவருக்கு என்னவோ செய்துவிட்டது. அக்காவின் பழக்கத்தைக் கேலி செய்துகொண்டிருந்த நான் அன்றோடு விட்டேன்.

போக்கர் வந்த கதை இது. ஹோட்டல் அறை ஒன்றில் வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு தடிப் புத்தகத்தை விட்டுப்போனார். போக்கர் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று முழுக்க அதுதான். மூன்று மாதம் வைத்திருந்தும் யாரும் கேட்டு வரவில்லை. மேற்பார்வையாளர் அதை அக்காவிடம் கொடுத்துவிட்டார். அக்கா அதற்கு முன்னால் சீட்டைத் தொட்டதே இல்லை. ஆங்கிலமும் தட்டுத் தடுமாறித்தான். இருந்தாலும், ஒரு ஆள் இவ்வளவு சிரமப்பட்டு எழுதியிருக்கிறான், யாராவது படித்தாக வேண்டும் என்று சின்ன அகராதி ஒன்றை வாங்கிக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். படித்தவரைக்கும் ஆடிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"சமையல் புத்தகத்தைப் படிச்சிட்டுப் பட்டினியா கிடக்கிறது?" என்பார்.

ஆடுவதற்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருத்தி கற்பகம், ஹாஜி கடையிலேயே புடவைப் பிரிவில் விற்பனை. சொந்த ஊர் கிள்ளான். வாயைத் திறந்தால் முழுத் தெருவுக்கும் கேட்கும். இன்னொருத்தி திவ்யா, திருநெல்வேலியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பெண். அவள் போனில் இந்தக் காலத்துப் போக்கரை ஆடுகிறவள்.

புத்தகம் பாரசீகத்தில் தொடங்கியது. அங்கே பழைய காலத்தில் சிங்கம், ராஜா, ராணி, சிப்பாய், நாட்டியக்காரி என்று ஐந்து வகைச் சீட்டு வைத்து ஒரு ஆட்டம் ஆடினார்களாம். அக்கா ஹோட்டல் சோப்பு டப்பாக்களை வெட்டி அந்தச் சீட்டுகளைப் பென்சிலால் வரைந்தார். பந்தயத்துக்குத் துணி காயப்போடும் கிளிப். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம்.

ஒரு ஞாயிறு ஹாஜி தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மேலே ஏறியபோது மூன்று பேரும் சீட்டும் கையுமாக அகப்பட்டார்கள். இதைக் கற்பகம்தான் எனக்குச் சொன்னாள்.

"என்னம்மா இது? என் கட்டடத்துல சூதா?" என்றாராம் ஹாஜி.

"சூது இல்ல ஹாஜி. சரித்திரம்," என்றாராம் அக்கா.

"சரித்திரத்துக்குக் கிளிப் எதுக்கு?"

"சரித்திரத்துல பந்தயம் வச்சிருக்காங்க. நம்மகிட்ட கிளிப்தானே இருக்கு."

ஹாஜி ஒரு சீட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். "இது என்ன, பூனையா?"

"சிங்கம். பாரசீகத்துச் சிங்கம்."

பாரசீகம் என்றதும் ஹாஜிக்கு முகம் கொஞ்சம் தளர்ந்துவிட்டதாம். "அங்கேருந்தா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, தொட்டியைப் பார்க்காமலேயே இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு புத்தகத்தில் ஜெர்மானியர் வந்தார்கள். அவர்களுடைய ஆட்டத்தில் பந்தயம் வைக்கும்போது மேசையை விரல் முட்டியால் தட்டுவார்களாம். அக்கா அறையில் மேசை கிடையாது. தரையைத் தட்டினார்கள். அக்கா அறைக்கு நேர் கீழே, மூன்றாவது மாடியில்தான் என் அறை.

ஐந்து ஞாயிறு பொறுத்துக்கொண்டேன். போய்ச் சொல்ல வெட்கம். ஆறாவது ஞாயிறு, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேலே போனேன். 'தயவுசெய்து தட்ட வேண்டாம்' என்று எழுதியிருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. அக்கா என்னைப் பார்த்து, "வா தங்கச்சி, உட்காரு. நாலாவது ஆள் இல்லாம ரொம்ப சூசாவா, கஷ்டமா இருந்துச்சு," என்று ஐந்து சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார். தாளைக் காட்ட முடியவில்லை. கால் மணி நேரத்தில் நானும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தேன். கீழே இருப்பது என் காலி அறைதான் என்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஒன்றும் இல்லாத கையை வைத்துக்கொண்டு, பெரிய கை இருப்பது போலக் கிளிப்பை அள்ளித் தள்ளுவதும் ஜெர்மானியர் காலத்திலேயே வந்துவிட்டது. எதிராளி பயந்து விட்டுவிட்டால் சீட்டைக் காட்டாமலேயே ஜெயிக்கலாம். கற்பகம் இதில் கெட்டிக்காரி. அக்காவும் கூச்சப்படாமல் செய்வார். "வந்துடுச்சில்ல, அப்ப செய்யலாம்," என்பார். எனக்கு மட்டும் கடைசிவரை கை வரவில்லை.

ஒரு வாரம் அக்கா ஆட்டத்தை நிறுத்திவிட்டார். புத்தகத்தில் ஒரு பக்கம் அவரை உலுக்கிவிட்டது. போக்கர் பாரசீகத்திலிருந்து வந்தது என்பதை ஆராய்ச்சி செய்கிறவர்கள் இப்போது ஒத்துக்கொள்வதில்லை, அதற்குச் சரியான சாட்சி இல்லை என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. அக்கா ஒவ்வொருவர் அறைக்கும் வந்து கதவருகில் நின்றே, "நான் உங்களுக்குத் தப்பா சொல்லிட்டேன்," என்றார். பிறகு என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மஸ்ஜித் இந்தியாவுக்குப் போனார். ஹாஜியிடமும் சொல்ல வேண்டுமாம்.

பெருநாள் நேரம். கடையில் கூட்டம் நெரிந்தது. அக்கா கல்லாவில் காசு கட்டுகிற வரிசையில் போய் நின்றார். கையில் துணி எதுவும் இல்லை. அரை மணி நேரம் நின்று கல்லாவுக்கு வந்தோம்.

"ஹாஜி, பாரசீகத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எந்தத் துணிம்மா? பில்லு வச்சிருக்கியா?"

"துணி இல்ல. போக்கர். அங்கேருந்து வரலையாம்."

ஹாஜி எங்களையும் பின்னால் நின்ற கூட்டத்தையும் பார்த்தார். "இதைச் சொல்லவா பிரிக்பீல்ட்ஸ்லேருந்து வந்தீங்க?"

"நான்தானே சொன்னேன். நான்தானே திருப்பி எடுக்கணும்."

"சரிம்மா," என்றார் ஹாஜி. "எடுத்துக்கிட்டேன்." போகும்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பேரீச்சம்பழப் பொட்டலம் கொடுத்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் வந்த வேகத்தில் போய்விட்டார்கள். அடுத்து அமெரிக்கா. நியூ ஆர்லியன்ஸ் என்கிற ஊர், மிசிசிப்பி ஆறு, நீராவிக் கப்பல்கள். அந்தக் கப்பலில்தான் போக்கர் போக்கராக ஆனதாம். அங்கே நாங்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டோம். விடுமுறைக் காலம், ஹோட்டலில் வேலை அதிகம், பக்கம் நகரவில்லை.

கப்பல் ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அப்போது இருபது சீட்டுதான். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, நாலு சாதியிலும். ஆளுக்கு ஐந்து, நாலு பேர், சீட்டு தீர்ந்தது. ஒரே மாதிரி இரண்டு சீட்டு வந்தால் ஜோடி. இரண்டு ஜோடி அதைவிடப் பெரிது. மூன்று, மூன்றும் இரண்டும், நாலு என்று போகும். அவ்வளவுதான். ஐந்தும் ஒரே சாதியாக வருவதற்கோ வரிசையாக வருவதற்கோ மதிப்பு எதுவும் கிடையாது. அதெல்லாம் பிற்பாடு சேர்த்தது.

அக்கா ஒரு சீட்டுக்கட்டு வாங்கி, இரண்டிலிருந்து ஒன்பதுவரை முப்பத்திரண்டு சீட்டையும் எடுத்து ஒரு பால்மாவு டின்னில் போட்டு மூடி வைத்தார். "இதெல்லாம் இன்னும் பிறக்கல," என்றார்.

திவ்யாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, இப்ப ஆடுற ஆட்டத்துல ஒரே சாதியில பத்துலேருந்து ஏஸ் வரைக்கும் வரிசையா வந்தா அதுதான் எல்லாத்துக்கும் மேல. நான் மூணு வருஷமா ஆடுதேன், ஒரு தடவகூட வரலக்கா. சாகுற வரைக்கும் வராதவங்களும் உண்டு."

அக்கா காதைப் பொத்திக்கொண்டார். "நான் கப்பல்ல இருக்கேன் லா. கரையில நடக்கிறதைச் சொல்லாதே."

தீபாவளிக்குக் கற்பகம் எங்களைக் கிள்ளானுக்கு அவள் வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஆண்கள் வாசலில் கூடாரம் போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கற்பகத்தின் அண்ணன் லோரி ஓட்டுகிறவர். நல்ல மனிதர், ஆனால் கிண்டல் அதிகம்.

"வாங்கக்கா. போக்கர்ல பெரிய ஆளாமே நீங்க. உட்காருங்க, புதுக் கட்டு."

"தம்பி, ரெண்டுலேர்ந்து ஒம்பது வரைக்கும் எடுத்து வச்சிடு."

"ஏன்கா, கெட்டுப் போச்சா?"

"இன்னும் வரல."

"யாரு வரல? வாங்குறப்பவே உள்ள இருந்துச்சே." கூடாரம் முழுக்கச் சிரித்தது. "மிச்ச இருபதை வச்சி பதினாலு பேரு எப்படிக்கா ஆடுறது?"

"அதான் அந்தக் கப்பல்காரங்களுக்கும் சூசாவா போயிருக்கும்," என்றார் அக்கா, கொஞ்சமும் கோபப்படாமல். "அதனாலதான் மிச்சத்தை உள்ள விட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன். உறுதியா தெரியாது தம்பி. படிச்சிட்டு வந்து சொல்றேன்."

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஆட்டிறைச்சிப் பிரட்டலும் தோசையும் கொண்டுவரச் சொன்னார். சாப்பிடும்போது அக்காவிடம் மெதுவாக, "உண்மையிலேயே படிச்சிட்டுச் சொல்லுங்கக்கா," என்றார். சிரிக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில்தான் அக்காவின் முட்டி மோசமானது. ஹோட்டல் குளியலறைகளில் மண்டியிட்டுத் தேய்த்துத் தேய்த்து வந்தது. எங்கள் கட்டடத்தில் நாலாவது மாடிவரை எழுபத்திரண்டு படி. ஒவ்வொரு மாடியிலும் நின்று, சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கி ஏறுவார். கிளினிக்கில் டாக்டர், படியை விடு, இல்லையென்றால் வேலையை விடு என்று சொல்லிவிட்டார். வேலையை விட்டால் செமினிதான். தம்பி மனைவிக்கு அக்காவைக் கண்டால் ஆகாது.

அந்த நேரத்தில் கீழ்த்தளத்துப் பின்னறை காலியானது. படி இல்லை. பின்சந்துக்குத் தனிக் கதவு. தனிக் குளியலறை. ஹாஜி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். முதலில் கற்பகம் கேட்டாள். அவளுக்கு வாசலில் காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்கும் எண்ணம். இரண்டாவது நான். மூன்றாவது அக்கா.

நான் ஏன் கேட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். மூன்றாவது மாடியில் ஏழு பேருக்கு ஒரு குளியலறை. நான் குளிக்கும்போது யாராவது கதவைத் தட்டினால் பாதிக் குளியலோடு வெளியே வந்துவிடுவேன். யார் கண்ணிலும் படாமல் குளிப்பதற்காக எத்தனையோ வருடமாக விடிவதற்கு முன்னால் எழுந்துகொண்டிருந்தேன். சொந்தமாக ஒரு தாழ்ப்பாள் என்பது மற்றவர்களுக்குச் சின்ன விஷயம். எனக்கு அப்படி இல்லை. அக்கா கேட்டது என் செய்திக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் என் செய்தியை நான் அழிக்கவில்லை.

"நான்தான் முதல்ல கேட்டேன்," என்றாள் கற்பகம்.

ஹாஜியோ குழுவைக் கீழிருந்து மேலாகப் படித்ததால் அக்காதான் முதலில் கேட்டதாக நினைத்து, சரி என்று பதில் போட்டுவிட்டார். கற்பகம் போன் செய்து கத்தியதும், "நீங்களே பேசி முடிச்சிக்கிட்டு ஞாயித்துக்கெழம சொல்லுங்கம்மா," என்றார்.

அக்காவுக்கே கொடுத்துவிடலாம் என்று திவ்யா சொன்னாள். கற்பகம்கூட, "சரி லா, கிழவிக்கு முட்டி," என்று முனகினாள். ஆனால் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மூன்றாவது. இரண்டு பேரைத் தாண்டி எப்படி வாங்குவது? கற்பகமே எடுத்துக்கொள்ளட்டும் என்றார். முட்டியை வைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிறாரே என்று கற்பகத்துக்கு ஆத்திரம். கடைசியில் அவள்தான், "அப்ப ஆடிப் பார்த்துடுவோம். ஜெயிக்கிறவங்களுக்கு ரூமு," என்றாள். அதற்கு அக்கா சரி என்றார். ஹாஜியிடம் சொன்னபோது அவர், "எப்படி முடிவு பண்றீங்கன்னு எங்கிட்ட சொல்ல வேணாம். நான் கேக்கல," என்று போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு மதியம் இரண்டு மணி. ஆளுக்குப் பத்து கிளிப். இருபது சீட்டு. தொடங்குவதற்கு முன் அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

"ஒண்ணு சொல்லிடுறேன். எனக்காக யாரும் விட்டுக் குடுக்கக் கூடாது. விட்டுக் குடுத்தா எனக்குத் தெரியும். தெரிஞ்சா அந்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

திவ்யாவுக்கு அறை வேண்டாம். தன் கிளிப்பையெல்லாம் அக்கா பக்கமாகத் தோற்கப் பார்த்தாள். அக்கா கண்டுபிடித்து, அந்தக் கிளிப்பையெல்லாம் எண்ணித் திருப்பிக் கொடுத்து, ஒழுங்காக ஆடச் சொன்னார். ஒழுங்காக ஆடியும் அவள் தோற்றாள். மூன்றரை மணிக்கு அக்காவின் மூன்று ராணியிடம் கற்பகம் கடைசிக் கிளிப்பையும் விட்டாள். மிஞ்சியது அக்காவும் நானும். என்னிடம் இருபத்து நாலு, அவரிடம் பதினாறு.

திவ்யா சீட்டுப் போட்டாள். எனக்கு இரண்டு பத்து வந்தது. மற்றவை உதிரி. இருபது சீட்டில் பத்துதான் கடைசி. அதாவது ஆட்டத்திலேயே மிகச் சின்ன ஜோடி.

அக்கா தன் சீட்டைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பதினாறு கிளிப்பையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார்.

எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. நான் 'விட்டேன்' என்று சொன்னால் விட்டுக் கொடுத்ததாகிவிடும், அறைக்குப் போக மாட்டார். ஆனால் எல்லாவற்றையும் தள்ளுகிறார் என்றால் பெரிய கையாகத்தான் இருக்கும். நானும் வைத்து, இந்தச் சின்ன ஜோடியைக் காட்டி நேர்மையாகத் தோற்றுவிட்டால் அறை அவருக்கு. யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. நான் அப்படித்தான் நினைத்தேன். பதினாறு கிளிப்பை எண்ணி நடுவில் வைத்தேன்.

அக்கா சீட்டை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். பத்து. ஜாக்கி. ராணி. ராஜா. ஏஸ். ஐந்தும் ஆட்டின், சிவப்பு இதயம் போட்ட சாதி.

திவ்யா எழுந்து நின்றுவிட்டாள். வாயில் கையை வைத்துக்கொண்டு சீட்டையே பார்த்தாள். கற்பகம், "அலாமாக், முடிஞ்சது லா. ரூமு அக்காவுக்கு. நாசி லெமாக் போச்சு," என்று சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அக்காவுக்கு எங்கள் சந்தோஷம் புரியவில்லை. "என்ன எல்லாரும் சிரிக்கிறீங்க? ஒரு ஜோடிகூட இல்ல. சும்மாதான் தள்ளினேன். தங்கச்சி, உன்னுது?"

நான் காட்டினேன்.

"பத்து ஜோடி. நல்லது," என்று கிளிப்பையெல்லாம் என் பக்கம் தள்ளினார்.

திவ்யாதான் முதலில் பேசினாள். "அக்கா, இதுதான் நான் சொன்னது. எல்லாத்துக்கும் மேல. இதுக்கு மேல ஒரு கையே கிடையாது."

"இருக்கும். இன்னும் வரலயே."

திவ்யா ஓடிப்போய் அக்காவின் கட்டில் தலைமாட்டிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அடையாளம் வைத்திருந்த இடத்திலிருந்து புரட்டினாள். "இந்தா, ஒரே சாதி அஞ்சு வர்றது. நாலே பக்கம்க்கா. வியாழக்கிழமை வந்துடும்."

"அப்ப இந்தச் சீட்டு வியாழக்கிழமை வந்திருக்கணும்."

"ரூமு போகுது லா," என்று கத்தினாள் கற்பகம். "அந்தப் புத்தகத்தை எழுதுனவன் வந்தா உங்களை எழுபத்திரண்டு படி தூக்கிட்டுப் போவானா?"

"அவனை ஏன் இழுக்கிற? பேசினது கப்பல் ஆட்டம். ஆடினது கப்பல் ஆட்டம். சீட்டைப் போட்டுட்டுச் சட்டத்தை மாத்துனா அது என்ன ஆட்டம்? பாரசீகத்தையே திருப்பிக் குடுத்திருக்கேன். இதை எப்படி வாங்கிக்குவேன்?"

அக்கா அந்த ஐந்து சீட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு," என்றார். பிறகு கட்டோடு சேர்த்துக் கலைத்துவிட்டார்.

நான் சொன்னேன். "அக்கா, நீங்களே எடுத்துக்குங்க." என் குரல் எனக்கே கேட்டிருக்காது.

அக்கா திரும்பினார். "என்ன சொன்ன தங்கச்சி?"

அவர் உண்மையிலேயே காதில் விழாமல் கேட்டாரா, இன்னொரு தரம் சொல்லட்டும் என்று கேட்டாரா, எனக்குத் தெரியாது. இரண்டாவது முறை உரக்கச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பதும் தெரியாது. அநேகமாக மாட்டார். ஆனால் நான் சொல்லவில்லை. "ஒண்ணும் இல்லக்கா," என்றேன். வெட்கம்தான் காரணம் என்று இத்தனை நாளாக மற்றவர்களிடம் சொல்லி வருகிறேன். வெட்கத்தோடு அந்தத் தாழ்ப்பாளும் இருந்தது.

அன்று சாயங்காலம் கற்பகம் ஹாஜிக்குப் போன் செய்து என் பெயரைச் சொன்னாள். என் மூன்றாம் மாடி அறையையாவது அக்காவுக்குக் கொடுங்கள், ஒரு மாடியாவது குறையும் என்று கேட்டாள். அதைப் பூச்சோங்கிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு ஏற்கனவே பேசிவிட்டதாக ஹாஜி சொன்னார்.

மறுநாள் திங்கட்கிழமை. டோபிக் கடையில் அரை நாள் விடுப்பு எடுத்தேன். அக்காவுக்கும் அன்று ஓய்வு நாள். காலையில் என் சாமான்களைக் கீழே பின்னறைக்கு இறக்கினோம். அடுப்பு முதலில், பிறகு சாமி படம், பிறகு துணி மூட்டை என்று அக்கா சொன்ன வரிசையில் இறக்கினோம். மெத்தையை நான் முன்பக்கம் பிடித்தேன், அக்கா பின்பக்கம் பிடித்தார். பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே ஏறிப் போனார்.